நாற்பது நாள் வீடு

என் நாத்தனார் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர் கேம் செய்யற கம்பெனியில இருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்பவர்கள் உடனே துப்பாக்கிச் சத்தத்தை நினைத்துக்கொள்வார்கள். அவள் செய்தது அந்த மாதிரி இல்லை. விளையாடுகிறவர் கதைக்குள் ஒரு ஆளாக மாறி, ஊர் ஊராக நடந்து, எதிரில் வருகிறவர்களோடு பேசி, இதைச் செய்வதா அதைச் செய்வதா என்று முடிவெடுத்து, அதற்கேற்பக் கதை திரும்பும். அந்த வகை விளையாட்டு. அதில் வருகிற மனிதர்கள் என்ன பேச வேண்டும், எந்தப் பேச்சுக்கு எந்தக் கதவு திறக்க வேண்டும் என்று எழுதுவதுதான் அவள் வேலை.

இந்தப் பைத்தியம் அண்ணன் தங்கை இருவருக்கும் சின்ன வயதிலேயே பிடித்ததாம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவள் குகையும் கோட்டையும் வரைவாள். என் வீட்டுக்காரர் தாயக்கட்டையை உருட்டிக்கொண்டே போவார். போகிற வழியெல்லாம் குற்றம் கண்டுபிடிப்பார். "இந்தக் கதவுக்குச் சாவி எங்க வெச்சிருக்க? சாவி இல்லாத கதவை எதுக்கு வரைஞ்ச?" அவள் அழுதுகொண்டே அழித்துவிட்டு மறுபடி வரைவாள். மறுநாள் தாளை நீட்டி, "இப்ப பாரு" என்பாள்.

வளர்ந்த பிறகும் இரண்டு பேரும் மாறவில்லை. அவள் ஒரு டைல்ஸ் கடை மாடியில் ஒன்பது பேர் கொண்ட சின்னக் கம்பெனியில் கதை எழுதப் போனாள். இவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்தார். பகலில் கண் பரிசோதனை, ஓய்ந்த நேரத்தில் கணினி விளையாட்டுகளைப் பற்றி விமரிசனம். எழுதும்போது வைத்துக்கொண்ட பெயர் 'பூதக்கண்ணாடி'. இணையத்தில் அந்தப் பெயருக்கு நல்ல மரியாதை. யாருக்கும் வளைய மாட்டார், வாங்கிக்கொண்டு எழுத மாட்டார், முழுக்க விளையாடாமல் ஒரு வரி எழுத மாட்டார் என்று சொல்வார்கள். கடைசியாகச் சொன்னது ஒரே ஒரு தடவை தவறிப்போனது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அதற்கு முன்னால் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மாமனார் முப்பது வருஷம் லேத் பட்டறையில் இரும்புத்தூளைச் சுவாசித்தவர். கடைசியில் நுரையீரல் கைவிட்டது. பதினோரு மாதம் படுக்கை. மாமியார் எப்போதோ போய்விட்டார். கல்யாணம் வேண்டாம் என்று இருந்த நாத்தனார்தான் கூட இருந்தாள். நாங்கள் ரயிலில் ஐந்து மணி நேரத் தொலைவில் இருந்தோம். இவர் ஒன்றும் கல்நெஞ்சுக்காரர் இல்லை. தூக்கி இறக்குகிற கட்டில் அனுப்பினார், மூச்சுக்கருவி அனுப்பினார், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்தார். போனது மட்டும் மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு பகல்.

நாங்கள் போகிற அன்றைக்கு மாமா சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டு, முன்னறை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார். நாங்களும் அதை நம்பிக்கொண்டு திரும்புவோம். நம்புவது எங்களுக்குச் சௌகரியமாக இருந்தது. நான் பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள். "பரீட்சை முடியட்டுங்க, லீவு போட்டுட்டு ஒரு வாரம் இருந்துட்டு வரலாம்" என்று நான்தான் சொன்னேன். பரீட்சை முடிவதற்கு நான்கு நாள் முன்னால் மாமா போய்விட்டார்.

அதற்கு மூன்று வருஷம் கழித்து நாத்தனாரின் கம்பெனி தன் முதல் பெரிய விளையாட்டை வெளியிட்டது. விளையாடுகிறவர் ஒரு தபால்காரர். போர் நடக்கும் நாட்டில் மூட்டையைச் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். ஒவ்வொரு கடிதத்துக்கும் நாள் கணக்கு உண்டு. பிந்தினால் கதை வேறு பக்கம் போகும். விமரிசனத்துக்காக இவருக்கு முன்கூட்டியே ஒரு பிரதி வந்தது. தங்கை எந்தப் பகுதியை எழுதினாள் என்று இவர் கேட்கவில்லை. "தெரிஞ்சா கை தடுமாறும்" என்றார். கட்டுரையின் முதல் வரியிலேயே, இதைச் செய்த கம்பெனியில் என் தங்கை வேலை செய்கிறாள், படிப்பவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளட்டும் என்று எழுதினார். அந்த அளவுக்கு நியாயஸ்தர்.

பாதிக்கு மேல் பாராட்டுதான். ஆனால் ஒரு இடத்தை மட்டும் பிரித்து மேய்ந்திருந்தார். ஆற்றங்கரையில் ஒரு வீடு. உள்ளே நோயாளிக் கிழவர். அவருடைய மகள் தபால்காரரைப் பார்த்து, "நான் வேலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் கொஞ்சம் இருக்கீங்களா?" என்று கேட்பாள். இருக்கலாம், போகலாம். இருந்தால் ஒரு நாள் கழியும். மறுநாளும் அவள் அதையே கேட்பாள். இப்படி நாற்பது நாள். நாற்பதாவது நாள் கிழவர் இறந்துபோவார். நீங்கள் இருந்தாலும் இறப்பார், போனாலும் இறப்பார். இருந்ததற்குக் காசு கிடையாது, வாள் கிடையாது, பலம் ஒரு புள்ளிகூட ஏறாது. மூட்டையில் இருக்கும் கடிதங்கள் கெட்டுப்போவதுதான் மிச்சம்.

இவர் எழுதியது எனக்கு இன்னும் மனப்பாடம். "ஒரு விளையாட்டு நம்மிடம் முடிவைக் கேட்டால், அந்த முடிவுக்கு மதிப்பு இருக்க வேண்டும். எதைச் செய்தாலும் ஒரே பலன் என்றால் கேட்டதே ஏமாற்று. கிழவர் எப்படியும் சாகப்போகிறார் என்றால் என்னை ஏன் அங்கே உட்காரவைத்தீர்கள்? வடிவமைப்பில் இது சோம்பேறித்தனம்."

கட்டுரை வந்த மறுநாள் மதியம் நாத்தனார் போன் செய்தாள். நான் சாப்பாடு கொண்டுபோய்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். இவர் கையில் லென்ஸ் இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, படிச்சேன்."

"கோவமா குட்டி?" முப்பத்தாறு வயதிலும் அவள் இவருக்குக் குட்டிதான்.

"கோவம் இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஆத்தங்கரை வீட்டுல நீ எத்தனை நாள் இருந்த?"

"ரெண்டு நாள். மூணாவது நாளும் அதே கேள்வி கேட்டா. கிளம்பிட்டேன். அப்புறம் இருந்தா என்ன, போனா என்னன்னு கணக்கு எங்க எழுதியிருக்குன்னு கேம் ஃபைலைத் திறந்து பார்த்தேன். ரெண்டுக்கும் ஒரே முடிவு. அப்புறம் எதுக்கு இருக்கணும்?"



"அங்க ஒரு சத்தம் வருமே, கேட்டியா? டம்ளரைத் தட்டுற மாதிரி."

"கேட்டுச்சு. டங் டங்குனு ஒரே எரிச்சல். அதையும் ஒரு குறையா எழுதலாம்னுதான் இருந்தேன்."

"அப்பாவுக்குக் குரல் போனப்புறம் என்னை அப்படித்தாண்ணா கூப்பிடுவார். மோதிரத்தால டம்ளரைத் தட்டி."

இவர் லென்ஸை மேசையில் வைத்தார். "சரிண்ணா, மீட்டிங் இருக்கு, அண்ணிகிட்ட அப்புறம் பேசறேன்னு சொல்லு" என்று அவள் வைத்துவிட்டாள்.

மாமாவின் குரல் போனதே எங்களுக்குத் தெரியாது. கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் போனை எடுத்து, "அப்பா தூங்குறார்ணா" என்பாள். நாங்களும் சரி என்போம்.

அன்றைக்கே இவர் ரயில் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. பத்துப் பதினைந்து நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார். "சொந்த துக்கம் வேற, வடிவமைப்பு வேற. நான் எழுதினது தப்பில்ல" என்று நான் கேட்காமலேயே என்னிடம் வாதாடினார். அதற்குள் கட்டுரை எங்கெங்கோ பரவிவிட்டது. 'கிழவர் வீடு' ஒரு கேலிப்பேச்சாகிவிட்டது. அந்த வீட்டை எத்தனை வேகத்தில் தாண்டி ஓட முடியும் என்று போட்டி வைத்து வீடியோ போட்டார்கள். பூதக்கண்ணாடியே சொல்லிவிட்டார் என்று மற்ற விமரிசகர்களும் அதையே திருப்பி எழுதினார்கள்.

கம்பெனி முதலாளி நல்ல மனுஷர்தான். விளையாட்டு தயாராகும்போதே, "கடைசியில ஒரு மந்திர மோதிரமாவது குடுத்துடலாமே" என்று கெஞ்சினவர். இவள் முடியவே முடியாது என்று நின்றிருக்கிறாள். இப்போது அவர், "உங்க அண்ணன் சொன்னதைத்தாம்மா எல்லாரும் சொல்றாங்க" என்றார். அடுத்த அப்டேட்டில் அந்த வீட்டு வாசலில் ஒரு பொத்தான் வந்தது. அழுத்தினால் நாற்பது நாளும் ஒரு நொடியில் கழிந்து, கிழவர் இறந்த செய்தி மட்டும் திரையில் வரும். அழுத்தாமல் உள்ளே போனாலும் மூன்றே நாளில் முடிந்துவிடும். மிச்சம் முப்பத்தேழு நாளின் பேச்சையும் எடுத்துவிட்டார்கள். வேறு யாரோ கை வைக்க வேண்டாம் என்று அந்த வேலையை அவளே கேட்டு வாங்கிச் செய்தாளாம். ஒவ்வொரு வரியாகத் தேடி அழிக்க முழுதாக இரண்டு நாள் பிடித்தது. பிறகு வேலையை விட்டுவிட்டாள். இதையெல்லாம் முதலாளிதான் போனில் எங்களிடம் சொன்னார்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இவர் எதுவும் சொல்லாமல் பழைய கணினியை எடுத்துத் தூசி தட்டினார். விமரிசனத்துக்கு வந்த பிரதி அதில் மாறாமல் இருந்தது. புது அப்டேட் ஏறிவிடாதபடி இணையத்தில் சேர்க்காமல் திறந்தார். காலை பத்து மணிக்குத் தபால்காரர் ஆற்றங்கரை வீட்டுக்குள் போனார். நானும் பட்டாணியை உரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நான்காவது நாள் கிழவர் தன் கட்டிலைச் சமையலறை வாசலுக்கு நகர்த்தச் சொன்னார், மகள் நடமாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று. எட்டாவது நாள் தன் பட்டறை நண்பர் ஒருவரின் கஞ்சத்தனத்தைச் சொல்லி, சிரிக்கப் போய் மூச்சு முட்டினார். பன்னிரண்டாவது நாள் ஒன்றுமே பேசவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பத்தொன்பதாவது நாள் குரல் போயிற்று. அதற்குப் பிறகு டம்ளர் சத்தம்தான். பேச்சுக்குப் பதில் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். நாங்கள் சாப்பிட மறந்துபோனோம்.

முப்பத்தொன்றாவது நாள் சிலேட்டில், "பெரியவன் வந்துட்டானா?" என்று வந்தது. மகள், "வந்துக்கிட்டே இருக்கான்பா" என்றாள்.

இவர் கையை எடுத்துவிட்டார். "போதுங்க, நிறுத்திடுங்க" என்றேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி கையை வைத்தார். நாற்பதாவது நாள் வந்தபோது மணி மூன்று. கிழவர் போனார். மகள் தபால்காரரிடம் சொன்னது ஒரே வரி: "நீங்க இருந்தீங்க." அதற்கு மேல் விளையாட்டு ஒன்றும் தரவில்லை. இவர் திரையைப் பார்த்தபடி தேம்பித் தேம்பி அழுதார். மாமா செத்த அன்று கூட இந்த மனுஷர் அழவில்லை.

மறுநாள் முதல் ரயிலில் இரண்டு பேரும் போனோம். நாத்தனார் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

"குட்டி, நான் திருத்தி எழுதறேன். தப்பா எழுதிட்டேன்னு போடறேன்."

"வேண்டாம்ணா. நீ எழுதினதுல பொய் எதுவும் இல்ல. என்ன செஞ்சாலும் ஒரே முடிவுதான். எனக்கும் அங்க உக்காந்திருக்கும்போது அப்படித்தான் தோணும். எதுக்கு உக்காந்திருக்கோம்னு."

"அப்புறம் ஏன் எழுதின?"

"தெரியல. அந்த வீட்டுல இருக்கற ஒருத்தர் கண்ணுலயாவது அந்த நாள் எல்லாம் படணும்னு இருந்துச்சு. முதல்ல உன் கண்ணுல."

இவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, கேட்கவே கூடாததைக் கேட்டார். "அப்பா நிஜமாவே கேட்டாரா? நான் வந்துட்டேனான்னு?"

அவள் ஒரு பெட்டியை ஒட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலேயே சொன்னாள். "நிறைய தடவை கேட்டார்ணா. கேம்ல ஒரு தடவைதான் வெச்சேன்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. டம்ளர்களைக் கழுவுகிற சாக்கில் சமையலறைக்குப் போய்விட்டேன்.

வேண்டாம் என்று அவள் சொல்லியும் இவர் எழுதினார். தான் இரண்டு நாள் மட்டுமே இருந்துவிட்டு எழுதியதை ஒப்புக்கொண்டு, மிச்ச முப்பத்தெட்டு நாளில் என்ன இருந்தது என்று ஒன்று விடாமல் எழுதினார். அதை அதிகம் பேர் படிக்கவில்லை. முதல் கட்டுரைக்கு வந்த கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்கு வந்திருந்தால் பெரிது. படித்தவர்களுக்கும் அந்த நாற்பது நாளைப் பார்க்க வழியில்லை, பேச்சையெல்லாம் எடுத்துவிட்டார்களே. முதலாளியிடம் போய்ப் பழையபடி வைக்கச் சொல்லிக் கேட்டார். பணத்தட்டுப்பாட்டில் கம்பெனியையே மூடும் நிலையில் இருந்த அவர் கையை விரித்தார். இவர் கட்டுரையைத் தங்கைக்கு அனுப்பினார். "பார்த்தேன்" என்று ஒரு சொல்லில் பதில் வந்தது.

அவர்கள் பேசாமல் எல்லாம் இல்லை. அவள் வருவாள், இரண்டு நாள் தங்குவாள், நான் சமைத்ததைக் குறை சொல்லாமல் சாப்பிடுவாள். விளையாட்டைப் பற்றிய பேச்சு மட்டும் இரண்டு பேர் வாயிலும் வராது. இவர் தங்கை முன்னால் எதையும் குற்றம் சொல்வதில்லை. அவளும் எதையும் நீட்டி, "இப்ப பாரு" என்று சொல்வதில்லை. அந்த இடத்தில் வானிலையையும் என் முட்டி வலியையும் பேசிக்கொள்கிறார்கள்.

இப்போது அவள் துணி துவைக்கும் இயந்திரம் செய்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறாள். அந்த இயந்திரத்தின் சின்னக் கண்ணாடித் திரையில் வருகிற சொற்களை எழுதுகிற வேலை. போன மாதம் தனியாகப் போய்ப் பார்த்தேன். அலுவலகத்தைச் சுற்றிக் காட்டினாள். வரிசையாக நின்ற இயந்திரங்களில் ஒன்றின் கதவைத் திறந்து வைத்துப் பொத்தானை அழுத்தினாள். 'கதவு மூடவில்லை. மெதுவாக அழுத்தி மூடவும்' என்று வந்தது.

"முன்னாடி வெறும் 'பிழை'ன்னுதான் வரும் அண்ணி. 'மெதுவாக'ங்கறதைச் சேர்க்கறதுக்கு ஒரு மாசம் சண்டை போட்டேன்" என்றாள்.

நன்றாக இருக்கிறது என்றேன். அவள் கதவை மூடினாள், அது பாட்டுக்குச் சுற்ற ஆரம்பித்தது.