கடை வயலுக்கு முதல் தண்ணீர்: மண்டூர் வழியாக வெல்லாவெளி

மட்டக்களப்பு வாவியைப் ‘பாதை’யில் கடக்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பாதை என்றால் தெருவல்ல. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரை போகும் தட்டையான இயந்திரப் படகு. போன வைகாசியில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டேன். மட்டக்களப்பில் காலை ஆறரைக்கு பஸ் ஏறி, ஒரு மணித்தியாலத்தில் குருமண்வெளித் துறைக்கு வந்தாயிற்று.

ஊர் நிலைமை அப்போது சரியில்லை. சந்தையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடந்த கைகலப்பை முகநூலில் ஊதிப் பெருப்பித்திருந்தார்கள். பாதையில் என் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றவர் றபீக். அக்கரையில் அவருக்கு வயல். அன்று அவருடைய தண்ணீர் முறை. ஆனால் மண்டூரில் எல்லோரும் இறங்க, அவர் மட்டும் இறங்கவில்லை.

“காக்கா, என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? இறங்குங்க!” கரையில் ஓட்டோவோடு நின்ற யோகன் கத்தினார். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே ‘காக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“வேணாம் தம்பி. சந்தியில ஆக்கள் நிக்கிறாங்களாம்.”

“இண்டைக்கு வராட்டி முறையையே மாத்திப்போடுவானுகள். ஏறுங்க. அக்கா, வெல்லாவெளிக்கா? நீங்களும் ஏறுங்க, எண்ணூறு தந்தாப் போதும்.”

வேறு ஓட்டோ பிடித்திருக்கலாம். ஆனாலும் விடுப்பும் வேடிக்கையும் பார்க்கும் புத்தி விடுமா? ஏறிவிட்டேன்.

என்ன முறை என்று துருவினேன். இருவருக்கும் ஒரே வட்டையில், அதாவது ஒரே வயல்வெளியில் காணி. யோகனின் வயல் வாய்க்காலின் தலைப்பில், றபீக்கினுடையது கடைசியில். கடை வயல்காரர் வந்து திறந்து, அவர் வயல் நனைந்த பிறகுதான் மற்றவர்கள் மடை திறக்கலாம். மேலே இருப்பவர்கள் முதலில் பாய்ச்சினால் கடைசிக்குச் சேறும் மிஞ்சாதாம். முஸ்லிமுக்கு ஏன் முதல் தண்ணீர் என்று இப்போது சிலர் கிளம்பியிருக்கிறார்கள். முறை மாறினால் றபீக்கின் பயிர் கருகிவிடும்.

“மாறினா உங்களுக்கு லாபம்தானே?” என்று யோகனைக் கேட்டேன்.

“லாபந்தான். மறுகா இவர்ர முகத்தில எப்பிடி முழிக்கிற?”

சந்தியில் நாலைந்து பேர். சிவப்புச் சேட்டுப் போட்ட ஒருவர் முறைத்தார். யோகன் வேகத்தைக் கூட்டுவார் என்று பார்த்தால், குறைத்து, றபீக் வந்துவிட்டார் என்று அறிவிப்பதுபோல ஹோர்ன் அடிக்கிறார்! மனிசனுக்கு விசர்தான். நல்லகாலம், ஒருவரும் மறிக்கவில்லை.

நானும் அவர்களோடு வயல்வரை போனேன். றபீக் மடையைத் திறந்து கொஞ்ச நேரத்தில் அதே சிவப்புச் சேட்டுக்காரர் வரம்பில் வந்து நின்றார். அவருக்கும் அந்த வாய்க்காலில்தான் வயல்.

“முடிஞ்சுதா?”

“இன்னும் நனையல்ல,” என்றார் றபீக், நிமிராமல்.

வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே வரம்பில் குந்தினார். பிறகு இன்னும் இரண்டு தடவை கேட்டார். றபீக் தலையாட்டிய பிறகுதான் எழுந்து தன் மடைக்குப் போனார்.

போக நினைப்பவர்களுக்கு: வயல்வெளியில் நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். காற்றுக் கடுமையானால் பாதை ஓடாது. திரும்பும் நேரத்தைத் துறையிலேயே விசாரியுங்கள். இதை ஒற்றுமைக் கதையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. சந்தியில் நான் பயந்தது உண்மை.

திரும்பும் பாதையிலும் றபீக் வந்தார். அடுத்த முறையும் வருவீர்களா என்று கேட்டேன்.

“பயம் போகல்ல புள்ள,” என்றார். “ஆனா அவன் என்னட்டக் கேட்டுத்தானே திறந்தான்.”