லிபரல் ஆர்ட்ஸ்ல நம்பர் பிளேட் எழுதுவீங்களா?

எம்.ஏ. லிபரல் ஆர்ட்ஸ் படிக்கிறது ஒண்ணும் கஷ்டமான தொழில் இல்லீங்க. இன்னா படிக்கிறன்னு கேக்கிறவங்களுக்கு பதில் சொல்றதுதான் முழு நேர வேல. எவனுக்கும் புரியாத படிப்பு ஒண்ணப் படிச்சிக்கினு, கல்யாணப் பந்தியில பக்கத்து எலைக்காரரு "தம்பி இன்னா படிக்கிறீங்க?"ன்னதும் சாம்பார் வாளியத் தேடற மாதிரி அந்தாண்ட திரும்பிக்கிறவங்க யாராச்சும் இருந்தீங்கன்னா, வாங்க, கிட்ட ஒக்காருங்க. நம்ம கதைதான் இது.

நான் கச்சிராயபாளையத்துக்காரன். அம்மா, அப்பா ரெண்டு பேரும் கரும்பு வெட்டப் போறவங்க. எனக்கும் புஸ்தகத்துக்கும் எப்பவுமே தூரத்து ஒறவுதான். ஆனா வாயி சும்மா இருக்காது. யாரு பேசுனாலும் அவங்க மாதிரியே திருப்பிப் பேசிடுவேன். ஒண்ணாப்பு டீச்சர்லேர்ந்து பி.ஏ. வாத்தியாரு வரைக்கும் எனக்கு நடத்துன ஒரே பாடம், "வாய மூடுறா!"

அப்பறம் கள்ளக்குறிச்சில ஒரு காலேஜ்ல இந்த எம்.ஏ.வுக்கு வந்தேன். ரெண்டாவது வாரம், அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப, வராத ரெண்டு பசங்களுக்கும் அவங்கவங்க கொரல்லயே நான் "எஸ் மேடம்" சொன்னேன். எங்க மேடம் கண்ணாடியக் கழட்டி என்னயே பாத்தாங்க. செத்தோம்னு நெனச்சேன். "நாடகம் பேப்பருக்கு ஆளு கெடச்சாச்சு. வாயத் தொறந்தே வெய்யி"ன்னாங்க. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், யாரு இன்னா சொன்னாலும் இந்த எடத்த வுட்டு எழுந்திரிக்கறதில்ல.

அம்மா பரப்புன சேதி

திங்கக்கெழம வரலாறு, செவ்வாய்க்கெழம பொருளாதாரம், புதன்ல தத்துவம், மறுநாளு நாடகம், வெள்ளிக்கெழம மண்ணு, மரம், மழ. இதான் எங்க படிப்பு. வூட்ல அம்மாகிட்ட இத ஒரு மணி நேரம் வெளக்குனேன். கடேசில அம்மா, "எல்லாக் கொழம்பையும் ஒரே சோத்துல ஊத்தறாங்க, சரி, பேரு இன்னா?"ன்னாங்க. "லிபரல் ஆர்ட்ஸ்"ன்னேன்.

மறுநாளு கரும்புத் தோட்டத்துல அம்மா பெருமையா சொல்லியிருக்காங்க, "எம் புள்ள லேபரு ஆர்ட்ஸ் படிக்கிறான்"னு. அம்மாவுக்கு லேபருன்ற வார்த்த நல்லாத் தெரியும், தெனம் மேஸ்திரி கூப்புடறதே அப்பிடித்தான். சாயங்காலம் கட்டு ஏத்திக்கினு வந்த மேஸ்திரி என்ன ரோட்லயே நிறுத்தி, மேலயும் கீழயும் பாத்துட்டு சொன்னாரு: "லேபரு படிக்கறதுக்கா இம்மாந் தூரம் பஸ்ல போற? காலைல அருவாளோட வா, ஒரு சீசன்ல நானே எம்.ஏ. முடிச்சி உட்டுடறேன்."

நாற்காலி இருக்கா இல்லையா

தத்துவம் சாரு ரொம்ப மெதுவாப் பேசுவாரு. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல நீங்க டீ குடிச்சிட்டே வந்துடலாம். ஒரு நாளு நடுவுல ஒரு நாற்காலியப் போட்டு, "இந்த... நாற்காலி... இருக்கிறது என்று... உங்களுக்கு... எப்படித் தெரியும்?"ன்னாரு. நாங்க ஏழு பேரும் நாற்காலியப் பாக்கறோம். "கண்ணுக்குத் தெரியுது சார்"னு ஒருத்தன். "கண்ணு பொய் சொன்னா?"ன்னாரு. எனக்கு வேர்க்க ஆரம்பிச்சிடுச்சு. இத்தன வருசமா நம்பி ஒக்காந்த பொருளுங்க அது!

அந்த நேரம் பாத்து ஆபீஸ் அட்டெண்டர் கோவிந்தண்ணன் உள்ள வந்தாரு. வந்த வேகத்துல அந்த நாற்காலியத் தூக்கித் தலமேல வெச்சிக்கினாரு. "கோவிந்தா, பாடம் நடக்குது!"ன்னு சாரு மொத தடவயா வேகமாப் பேசுனாரு. கோவிந்தண்ணன் வாசல்ல நின்னு திரும்பி, "இருக்குதா இல்லியான்னு நீங்க நிதானமா முடிவு பண்ணுங்க சார், காமர்ஸ்ல பசங்க ஜாஸ்தி, இப்ப அங்க ஒக்கார எடமில்ல!"

சிரிச்சிட்டோம். ஆனா விசயம் அதோட முடியல. அடுத்த வாரம் பிரின்சிபாலு எங்க மேடத்தக் கூப்புட்டு, புது பேட்சுக்குப் பத்து பேராச்சும் சேரணும், இல்லன்னா இந்த கோர்ஸையே மூடிட்டு எங்கள எம்.காம்.ல சேத்துடறதா சொல்லிட்டாரு. எம்.காமா! கணக்கு வாத்தியாரு மாதிரி பேசுன்னா பேசுவேன், கணக்குப் போடுன்னா எங்க போவேன்? மறுபடியும் பழைய கத, கடேசி பெஞ்சு, "வாய மூடுறா". அன்னிலேர்ந்து நாங்க ஏழு பேரும் ஆளு புடிக்கக் கெளம்பிட்டோம்.

பேனர் வெச்ச புண்ணியம்

மேடம் அவங்க ஊரு திருக்கோவிலூர்ல ஒரு பேனர் அடிச்சி எடுத்தாந்தாங்க. பஸ் ஸ்டாண்டு எதுத்தாப்புல கட்டுனோம். "லிபரல் ஆர்ட்ஸ்! வாருங்கள்!"னு பெருசா, கீழ என் செல் நம்பரு. இங்கதான் தப்புப் பண்ணோம். நம்ம ஊர்ல ஆர்ட்ஸுன்னா படிப்பு இல்லீங்க. போர்டு எழுதற கட, பேனர் அடிக்கிற கட, அதுக்குப் பேருதான் ஆர்ட்ஸு. எந்தத் தெருவுல வேணா பாருங்க, ஏதோ ஒரு சாமி பேரு, பக்கத்துல ஆர்ட்ஸ்.

கட்டி முடிச்சி எறங்கறதுக்குள்ள போனு. "லிபரல் ஆர்ட்ஸா? டிராக்டருக்கு நம்பர் பிளேட் எழுதுவீங்களா?" அடுத்தது, "கெடா வெட்டுக்கு ஒரு பேனர் வேணும்." ரிஷிவந்தியத்துலேர்ந்து ஒருத்தரு, கொரல் ரைஸ்மில்லு ஓடற மாதிரி இருக்கும், தங்கச்சி பொண்ணுக்கு மஞ்சத்தண்ணி பேனர் வேணும்னு விடாம போனு பண்றாரு. "அண்ணே, இது கட இல்லண்ணே. இங்க வரலாறு இருக்குது, தத்துவம் இருக்குது, பொருளாதாரம் இருக்குது..."ன்னு நான் மூச்சு வாங்கச் சொல்லி முடிச்சேன். அவரு கொஞ்சம் யோசிச்சாரு. "அதெல்லாம் கீழ சின்ன எழுத்துல போட்டுக்க தம்பி, தாய்மாமன் போட்டோ மட்டும் பெருசா வரணும்!"

வெள்ளிமலைல ஒரு பொண்ணு

எங்க கிளாஸ் ராணி கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலைகிட்ட அவங்க ஊர்ல மல்லிகான்னு ஒரு பொண்ணு பி.ஏ. முடிச்சிட்டு வூட்ல இருக்குதுன்னு என்ன இழுத்துக்கினு போனா. மல பஸ்ஸு வளைவுல திரும்பறப்பல்லாம் அது மொனவற மாதிரியே நான் மொனவி, பஸ்ஸே சிரிச்சிது. ஆனா மல்லிகா அப்பாரு சிரிக்கல. மரவள்ளிக் குச்சிய வெட்டிக்கினே கேட்டாரு, "பொண்ணுக்கு எடம் பாத்துக்கினு இருக்கறோம். மாப்ள வூட்ல இன்னா படிக்கிறான்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

நான் ஆரம்பிச்சேன். வரலாறுலேர்ந்து பொருளாதாரத்துக்குப் போயி, அங்கேர்ந்து தத்துவத்துல ஏறி, நாற்காலி கதய சொல்லி, நாடகத்துக்கு வந்து சேர்றதுக்குள்ள அவரு ஒரு கட்டு குச்சி வெட்டி முடிச்சிட்டாரு. "இவ்வளவும் சொன்னாத்தான் அவங்களுக்குப் புரியுமா?"ன்னாரு. "சொன்னாலும் புரியாதுங்க"ன்னேன், வாயி சும்மா இருக்காதுன்னுதான் மொதல்லயே சொன்னனே. ராணி என் கால மிதிச்சா. கதவாண்ட நின்ன மல்லிகாவுக்கு மட்டும் மொகம் அப்பிடியே மலர்ந்துச்சு. "ப்பா, நான் சேர்றன்ப்பா! இத மாப்ள வூட்டுக்கு வெளக்கி முடிக்கறதுக்குள்ள நான் படிச்சே முடிச்சிடுவேன்!"

எவன்டா ஓனரு?

அங்க இங்க அலஞ்சி புடிச்சதுல, மல்லிகாவோட சேத்து புது பேட்சுக்கு ஒம்போது பேரு ஆச்சு, இன்னும் ஒருத்தரு வேணும். சேர்றதுக்குக் கடேசி நாளு, யாரு வேணா வந்து ஒக்காந்து கேக்கலாம்னு மேடம் ஒரு கிளாஸ் வெச்சாங்க. ஒரு ஈ காக்கா வரல. கோவிந்தண்ணன் வாசல்ல நின்னு மிச்ச நாற்காலிய கண்ணாலயே எண்ணிக்கினு இருந்தாரு. மேடம் மட்டும் ஒண்ணும் நடக்காத மாதிரி சொவத்துல ஒரு பழைய ஓவியத்தப் போட்டுப் பாடம் நடத்துனாங்க. நடுவுல ராஜா, சுத்தி மந்திரிங்க, பின்னால ஒருத்தன் சாமரம் வீசறான்.

அப்ப ஒரு பைக்கு சத்தம். "இங்க எவன்டா லிபரல் ஆர்ட்ஸ் ஓனரு?"ன்னு ஒருத்தரு கிளாஸுக்குள்ளயே வந்துட்டாரு. சட்டயெல்லாம் பெயிண்டு. பஸ் ஸ்டாண்டு பின்னால பேனர் கட வெச்சிருக்கற அண்ணன். "திருக்கோவிலூர்லேர்ந்து பேனர் அடிச்சாந்து எங்க ஊர்லயே கட போடறீங்களா? ஒரு வாரமா எங்கிட்ட வர்ற கஸ்டமரெல்லாம், லிபரல்ல கேட்டா வரலாறு, தத்துவம்லாம் சேத்துத் தராங்களாம், நீ இன்னா தருவேங்கறான்!" நான் டெஸ்குக்கு அடியில போயிட்டேன். அந்தப் போனெல்லாம் பேசுனது நான்தான!

மேடம் பதட்டப்படல. "பாடம் முடியட்டும், ஒக்காருங்க"ன்னாங்க. அந்தக் கொரலுக்கு யாரா இருந்தாலும் ஒக்காந்துடுவாங்க, அவரும் ஒக்காந்தாரு. அஞ்சு நிமிசம் மொறைச்சாரு. அப்பறம் ஓவியத்தப் பாத்தாரு. தல சாஞ்சிது. "மேடம், அந்தக் காத்து வீசறவன் பேரு இன்னா?"ன்னாரு. "தெரியல. யாரும் எழுதி வெக்கல"ன்னாங்க மேடம். அண்ணன் எழுந்தே நின்னுட்டாரு. "அதெப்பிடி மேடம்? எங்க பேனர்ல கடேசி வரிசைல தீப்பெட்டி சைசுல நிக்கறவனுக்குப் பேரு வுட்டுப் போச்சுன்னா கடயவே ஒடச்சிடுவான். இவன் மட்டும் எப்பிடி சும்மா இருந்தான்? யாரும் கேக்கலியா?" மேடம் சிரிச்சாங்க. "அதக் கேக்கறதுதான் இந்தப் படிப்பே."

 அண்ணன் சாமரக்காரனையே பாத்துக்கினு இருந்தாரு. டெஸ்குக்கு அடியிலேர்ந்து நான் தலய மட்டும் நீட்டி, "அண்ணே, நீங்க டிகிரி முடிச்சிருக்கீங்களா?"ன்னேன். "கல்யாணப் பத்திரிகைல பேருக்குப் பக்கத்துல போடணும்னு பி.ஏ. தபால்ல முடிச்சேன், ஏன்?"ன்னாரு. அவ்வளவுதான், நாங்க ஏழு பேரும் அவர சுத்திக்கினோம். அவரு எல்லாரையும் பாத்தாரு, பேனா வாங்குனாரு, மேடத்தப் பாத்து கண்டிசனா சொன்னாரு: "சேர்றேன். ஆனா எங் கடயில ஆர்ட்ஸுன்ற பேர நான் மாத்த முடியாது மேடம், வேணும்னா நீங்க மாத்திக்கோங்க!"

கோவிந்தண்ணன் காமர்ஸ்லேர்ந்து ஒரு நாற்காலியத் தலமேல வெச்சித் தூக்கியாந்து அண்ணனுக்குப் போட்டாரு. இப்ப காலேஜ் வாசல்ல புது பேனரு, நம்ம அண்ணன் அடிச்சது. ரெண்டு பேட்சு மூஞ்சியும் வரிசையா, பேரோட. கடேசி வரிசைல, தீப்பெட்டி சைசுல, தலமேல நாற்காலியோட கோவிந்தண்ணன், அவரு பேரோட.

லிபரல் ஆர்ட்ஸுன்னா இன்னான்னு இன்னி வரைக்கும் எங்களால ஒரு வார்த்தைல சொல்ல முடியலீங்க, ஆனா நம்பர் பிளேட் வேணும்னா இப்ப எங்க டிபார்ட்மெண்ட்லயே எழுதித் தர்றோம்.