காற்றில் விழுந்த சாமந்தி

ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைக் கையால் தொட்டால் திட்டு விழும். கூரையில் விழும் வெயிலை மின்சாரமாக்கி, அதைக்கொண்டு தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கிறோம். அதற்கு உப்பு, தாது எதுவுமில்லாத தண்ணீர் வேண்டும். விரல் பட்டாலே கெட்டதாகக் கணக்கு. வயல் சேற்றில் புரண்டு வளர்ந்தவனுக்கு இதைவிட என்ன தண்டனை!

போன வாரம் புது இயந்திரத்தின் முதல் ஓட்டம். வால்வைத் திறக்கும் பொறுப்பு எனக்கு. எங்கள் தலைவி உல்ரிகே, விருந்தினர்களுக்காக மேசையில் சாமந்தி வைத்திருந்தார். தண்ணீர் தொட்டிக்குள் இறங்கியதுதான் தாமதம், என் கை தானாக ஒரு பூவை உதிர்த்து உள்ளே தூவிவிட்டது. படித்த புத்தி எங்கே போயிற்றோ!

நாகப்பட்டினம் பக்கம் எங்கள் ஊர் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லா ஊருக்கும் போக மிஞ்சினால்தான் எங்களுக்கு. வாய்க்காலில் அதன் முகம் தெரிந்ததும் பூவும் நெல்லும் தூவிக் கும்பிடுவோம். இப்போது அண்ணன் தூவுகிறார். அந்தப் பழக்கம் எனக்கும் கையில் ஊறிக் கிடக்கிறது.

எச்சரிக்கை மணி அலறி இயந்திரம் நின்றது. தொட்டியை வடித்துக் கழுவியாக வேண்டும். விருந்தினர்கள் கிளம்பிவிட்டார்கள். உல்ரிகே மிதந்த இதழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்கள் ஊர் வழக்கமா? சொல்லியிருந்தால் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருப்போமே" என்றார், கோபமே இல்லாமல்.

"சேச்சே, எங்களிடம் அப்படியெல்லாம் கிடையாது. காற்றில் விழுந்திருக்கும்" என்றேன். மூடிய அறைக்குள் ஏது காற்று? அவர் தலையசைத்துவிட்டுப் போனார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணன் வீடியோவில் கூப்பிட்டார். பின்னால் மதகடியில் ஊரே நின்றது.

"தம்பி, தண்ணி வந்துடுச்சுடா! நீயும் மெஷினுக்குத் தண்ணி தொறந்தியே, பூ போட்டியா?"

"போட்டேண்ணே."

"வெள்ளக்காரங்க ஒண்ணும் சொல்லலையா?"

"அவங்களும் சேந்து போட்டாங்க." கூசாமல் சொல்லிவிட்டேன். உள்ளதைச் சொன்னால் அவருக்கும் சேர்த்தல்லவா தலைகுனிவு?

அண்ணன் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்: "கேட்டீங்களா, ஜெர்மன்காரங்களும் தண்ணிக்குப் பூ போட்டாங்களாம்!"

"அடி சக்கை!" என்றது ஒரு குரல்.

அண்ணன் இன்னொரு கை பூவை அள்ளி, "இது அவங்க பேருக்கு" என்று வாய்க்காலில் தூவினார். "கும்பிட்டுக்கடா" என்று போனைத் தண்ணீருக்கு நேராகப் பிடித்தார். ஆய்வுக்கூடத்துக் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, கையுறையைக் கழற்றாமலே கும்பிட்டேன்.