லேகியத்தையும் காய்ச்சிப் பார்த்தேன்

என் கணவருக்கு நீரிழிவு என்று மிஷன் ஆஸ்பத்திரியில் சொன்னபோது எங்கள் மகளுக்கு எட்டு மாதம். அவருக்கு வயது முப்பத்துநான்கு. பள்ளிக்கூட வாத்தியார், நாள் முழுக்க நின்றே பாடம் நடத்துகிறவர். வலது கால் சுண்டுவிரலுக்கு அடியில் முள் குத்திய புண் இரண்டு மாதமாக ஆறவில்லை என்று காட்டத்தான் போனோம். டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு மூத்திரத்தைச் சோதிக்கச் சொன்னார்.

“வாயைக் கட்டினால் கால் இருக்கும். கட்டாவிட்டால் முதலில் விரலை எடுக்கவேண்டி வரும். பிறகு எங்கே நிறுத்துவது என்று எனக்கே தெரியாது” என்றார்.

சோறு குறைய வேண்டும், மரச்சீனிக் கிழங்கு கூடாது, கருப்பட்டி கண்ணிலேயே படக்கூடாது. கேழ்வரகு, கீரை, மீன், மோர். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். அவரும் குறை சொல்லாமல் தின்றார். கருப்பட்டி போடாத காப்பியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார்.

வாயைக் கட்டியவர் மெலிந்தார். மெலிந்ததும் ஊர் திரண்டு வந்தது. நீரிழிவைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கெல்லாம் சத்தைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. ஒருத்தி மீன் எண்ணெய்க் குப்பி கொண்டுவந்தாள். இன்னொருத்தி சீமை மாவு டப்பா கொண்டுவந்தாள். டப்பாவின் மேல் கன்னம் உப்பிய வெள்ளைக்காரக் குழந்தை. அந்தக் கன்னத்துக்கும் என் கணவரின் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

பிறகு அவருடைய அக்காள் வந்தாள். நான் மைனி என்று கூப்பிடுவேன். கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் வீடு. சந்தை நாளில் பெட்டி விரித்து லேகியம் விற்கிற ஏஜெண்டிடம் வாங்கிய பீங்கான் பரணி கையில் இருந்தது.

“ஏலே, ஒனக்க மூஞ்சிய நீ பாத்தியா? காஞ்ச கெழங்கு மாதிரி இருக்கு. சத்தில்லாத ஒடம்பில புண்ணு எப்பிடிலே ஆறும்?” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஏட்டி, அவனப் பட்டினி போட்டே கொல்லப் போறியா? பள்ளிக்கொடத்தில இதுதான் படிச்சியா?”

பரணியில் ஒட்டியிருந்த தாளை வாசித்தேன். நரம்புத் தளர்ச்சி, மூலம், ஞாபக மறதி, தாய்மாருக்குப் பால் குறைவு, பள்ளிப் பிள்ளைகளின் சோம்பல், நீரிழிவு. இத்தனைக்கும் ஒரே கரண்டி. கீழே பொடி எழுத்தில் சேர்மானங்கள் இருந்தன. முதலில் தேன், அடுத்தது கருப்பட்டிப் பாகு.

“மைனி, இதில கருப்பட்டி இருக்கே.”

“அது மருந்துக்குள்ள கருப்பட்டி, பிள்ளே. நீ காப்பியில போடுத கருப்பட்டியா அது?”

எங்கள் பக்கத்தில் இதற்கு மறுபேச்சு கிடையாது. பத்தியம் என்பது சாப்பாட்டுக்கு. மருந்து என்று பெயர் வைத்துவிட்டால் பானை நிறையப் பாகு இருந்தாலும் அது வயிற்றுக்குள் போனதாக யாரும் நினைப்பதில்லை.

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. காலையும் மாலையும் ஒரு கரண்டி வீதம் என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்து அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் மைனி சொல்லப்போகும் வார்த்தை எனக்கு முன்கூட்டியே காதில் விழுந்தது. சீமை வைத்தியம் படித்த டாக்டருக்கு லேகியத்தின் அருமை என்ன தெரியும் என்றுகூட ஒரு நாள் எண்ணினேன். பால் ஊறும் என்று போட்டிருந்ததால் கரண்டியில் ஒட்டியதை நானும் நக்கினேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

மூன்று வாரத்தில் வந்தவர் போனவர் எல்லோரும் “முகம் தெளிஞ்சிருக்கு” என்றார்கள். புண்ணை யாரும் பார்க்கவில்லை. அதன் ஓரம் கறுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் மூத்திரத்தைச் சோதித்தபோது குழாயில் செங்கல் நிறம்; சர்க்கரை ஏறியிருந்தது. “என்ன கொடுக்கிறீர்கள்?” என்று டாக்டர் கேட்டார். தாளில் எழுதியதை மட்டும்தான் என்றேன். நான் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. லேகியம் எனக்கு நினைவுக்கே வரவில்லை. மைனியின் நியாயம் என் மண்டைக்குள்ளும் அவ்வளவு பதவிசாக உட்கார்ந்திருந்தது. ஏழு வருஷம் படித்த மண்டை.

இன்னும் பதினைந்து நாள் பார்ப்போம், தேறாவிட்டால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டிலேயே சோதித்துக்கொள்ளக் கம்பவுண்டர் கற்றுக்கொடுத்தார். ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு குப்பி நீல மருந்து. நீல மருந்தில் எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று போய்ச் செங்கல் நிறம் வந்தால் ஆபத்து.

மூன்று நாளும் செங்கல் நிறந்தான். நான்காம் நாள் காலை, லேகியம் எடுத்த கரண்டியை அம்மியின் மேல் வைத்துவிட்டுக் குழந்தைக்குப் பால் கொடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது கரண்டி தெரியவில்லை, எறும்புதான் தெரிந்தது. அது மருந்து என்று எறும்புகளுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

குழாயைக் கழுவினேன். நீல மருந்தில் லேகியம் கரைத்த தண்ணீரைச் சொட்டுவிட்டுக் காய்ச்சினேன். கொதி வருமுன்னே சிவந்துவிட்டது.

அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். என் கையால் கொடுத்ததைத்தான் காட்டினேன். அவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். ஐந்நூறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர் கடைசியில் சொன்னது இதுதான்: “நிறுத்தினா அக்கா வருத்தப்படுவா.”

“அக்காளுக்கு வருத்தம் போவும். காலு போனா வருமா?” என்றேன். கல்யாணமான பிறகு அவரிடம் நான் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான்.

மைனி வந்தபோது அவள் முன்னாலேயே இன்னொரு முறை காய்ச்சினேன்.

“மூத்திரம் காய்ச்சின கொழாயில மருந்தக் காய்ச்சுதியே, ஒனக்குக் கையி வெளங்குமாட்டி?”

“கழுவியாச்சு, மைனி.”

“கழுவினாப் போவுமா? அந்தச் செவப்பு மருந்துக்க வீரியமாக்கும். கண்ணால பாத்த பொறவும் ஒனக்குப் புத்தி வரல்ல!”

இந்த மனுஷியோடு என்ன பேசுவது? பரணியைத் தென்னைமூட்டில் கவிழ்த்தேன். தென்னைக்கும் சத்து ஏறியதாகத் தெரியவில்லை.

லேகியத்தை நிறுத்திய ஐந்தாம் நாள் குழாயில் மஞ்சள் வந்தது, பத்தாம் நாள் பச்சை. புண்ணின் கறுப்பு ஓரம் உரிந்து உள்ளே ரோஜா நிறத்தில் தசை தெரிந்தது. விரல் இப்போதைக்கு இருக்கட்டும் என்றார் டாக்டர். முழுதாக மூட இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று. லேகியத்தை நிறுத்தியதாலா, தினமும் கட்டு மாற்றியதாலா, கோடை விடுமுறையில் அவர் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு படுத்திருந்ததாலா, எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல எந்த லேகியக்காரனுக்கும் வாய் வந்து நான் கேட்டதில்லை.

பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் மைனி அந்த ஏஜெண்டையே அழைத்துக்கொண்டு வந்தாள். மல் வேட்டி, கையில் பென்சில்.

“நம்ம லேகியம் சாப்பிட்டு சாருக்க காலு ஆறிச்சுண்ணு அக்கா பறஞ்சாவ. ரெண்டு வரி தந்தா அச்சடிச்சுப் போடலாம். வாத்தியார் சொன்னா சனங்க நம்பும்.”

அவர் என்னைப் பார்த்தார். மைனி எதிரிலேயே நான் பேசினேன். “லேகியம் தின்னாவ. நிறுத்தினாவ. புண்ணு ஆறிச்சு. மூணையும் எழுதிக்கிடுங்க.”

அவன் எழுதி உரக்க வாசித்தான்: “லேகியம் சாப்பிட்டார். புண் ஆறியது.”

“செரியாத்தானே எழுதியிருக்கு?” என்றாள் மைனி.

“நடுவில உள்ளது எங்க?” என்று கேட்டார் என் கணவர்.

“தாளு சின்னது, சார். எடம் காணாது.”

அவர் கையை நீட்டித் தாளை வாங்கினார். மடித்துத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “அக்கா, ஒனக்க மேல எனக்கு வருத்தமில்ல. இனி ஒண்ணும் கொண்டு வராத” என்றார். மைனி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அடுத்த இரண்டு ஞாயிறும் வேதக் கோயிலில் என் பக்கத்தில் உட்காரவில்லை.

பள்ளி திறந்த அன்று காலை, செருப்புப் போடுமுன் அவர் காலை என் மடியில் எடுத்துவைத்துப் பார்த்தேன். பழைய இடம் நன்றாக மூடியிருந்தது. பெருவிரல் இடுக்கில் புதிதாக ஒரு சிவப்பு.

“செருப்பு வார் உரசினதா?”

“தெரியல்ல பிள்ளே. வலிக்கல்ல.”

நீரிழிவுக் கால் மரத்துப்போனால் புண் தெரியாமலே வளரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்; வலிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பயம். அன்று பள்ளிக்கு லீவு எழுதச் சொல்லிவிட்டு, ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தேன்.