அக்காவின் நோக்குநிலை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பத்தொன்பது வருடமாகப் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிற வேலை. கை மடிக்கும், வாய் கதை சொல்லும். அவள் விடுப்பு எடுத்தால் பொழுதே நகராது என்று மற்றவர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள்.

அவள் சொன்னதில் எல்லோருக்கும் மனப்பாடமான கதை, அவள் அம்மா இறந்த கதை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு காலையில் அம்மாவுக்கு மூச்சுத் திணறியது. கூடவே இருந்த அக்கா இவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "கூடப் பொறந்தவளா அவ? கல்நெஞ்சக்காரி" என்றுதான் கதை முடியும். அன்றிலிருந்து அக்காவோடு பேச்சு இல்லை.

நாற்பத்து நான்கு வயதில் அஞ்சல்வழியில் தமிழ் இலக்கியப் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். கதை நமக்குத் தண்ணீர் பட்ட பாடுதானே என்ற தைரியம். ஆனால் முதல் தேர்விலேயே புனைகதைத் தாள் காலை வாரியது. கதைப்பின்னல், கதைக்களம், நோக்குநிலை என்றால் என்ன என்று கேட்டிருந்தார்கள். இவள் விளக்கத்துக்குப் பதில் பக்கம் பக்கமாகக் கதையையே எழுதிவைத்துவிட்டு வந்திருந்தாள். பேருந்து ஓட்டுநரான கணவர்தான் தேற்றினார். வண்டி ஓட்டுகிறவனுக்கெல்லாம் எஞ்சினில் எது எங்கே இருக்கிறதென்று தெரியுமா, மறுபடி எழுது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். பாடம் நடத்திய ஆசிரியைக்கு இவள் மகள் வயது. ஒரே குணத்தோடு வந்துபோனால் அது தட்டையான பாத்திரம், நல்லதும் கெட்டதும் கலந்து நம்மைத் திகைக்கவைத்தால் முழுமையான பாத்திரம் என்றார். கதையை யார் கண்ணால் பார்க்கிறோமோ அதுதான் நோக்குநிலை. கண் மாறினால் கதையும் மாறும். உங்களுக்கு நடந்த ஒன்றை, அதில் இருந்த வேறொருவர் 'நான்' என்று சொல்வதுபோல எழுதி வாருங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்தார்.

இவளுக்கு வேறு எந்தக் கதை வரும்? 'நான் கல்நெஞ்சக்காரி' என்று தொடங்கினாள். எந்த மனுஷி தன்னைப் பற்றி அப்படிச் சொல்லுவாள்? அடித்தாள். 'அம்மாவுக்கு மூச்சுத் திணறியபோது நான்...' என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்தாள். அக்கா அப்போது நின்றாளா, ஓடினாளா? ஆயிரம் தடவை சொன்ன கதை. அதில் அக்காவுக்குக் கை கால்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்று நாள் தாள் நகரவில்லை. நான்காம் நாள் மதியம், சாப்பாட்டு இடைவேளையில், துணி மூட்டைமேல் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் செய்தாள்.

"நான்தான். அன்னைக்குக் காலையில நீ என்ன பண்ணிட்டு இருந்தக்கா? வீட்டுப்பாடத்துக்கு வேணும்."

சண்டைக்கு என்றால் அக்கா உடனே போனை வைத்துவிட்டிருப்பாள். வீட்டுப்பாடம் என்றதும் திகைத்துப்போய்ப் பதில் சொல்லிவிட்டாள். ஒரு கையால் அம்மாவைத் தாங்கிக்கொண்டு மறு கையால் தங்கைக்குத்தான் போன் போட எடுத்தாளாம். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

"'சின்னவ ராத்திரி பூரா வேலை பாத்துட்டு இப்பதான் படுத்திருப்பா, தூங்கட்டும்'னாங்க. அடுத்த கால் மணி நேரத்துல போயிட்டாங்க."

"இதை ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"சொன்னா, தூங்கிட்டோமேன்னு நீ காலம் பூரா அழுவ. என்னைத் திட்டினா ரெண்டு மாசத்துல ஆறிடுவன்னு நெனச்சேன். நீ ஆறு வருஷம் இழுத்துட்ட."

ரேடியோ வாயடைத்து அழுததை அன்றைக்குத்தான் சலவைக்கூடம் பார்த்தது.

நான்கு பக்கம் எழுதி, சனிக்கிழமை அக்கா வீட்டுக்கு எடுத்துப்போனாள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தாள். ஓரிடத்தில் விரல் வைத்தாள்.

"நான் அழுதேன்னு போட்டிருக்க. அழ எங்க நேரம் இருந்துச்சு? அதை அடி."

அடித்தாள். பிறகு இருவரும் சேர்ந்து அழுதார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள்.

மறுதேர்வில் அறுபத்து மூன்று வாங்கினாள். சலவைக்கூடத்தில் புதிய கதையைச் சொன்னபோது, பழசுதான் விறுவிறுப்பு என்று ஒருத்தி சலித்துக்கொண்டாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். இப்போது ஞாயிறுதோறும் வகுப்புக்குப் போகிற வழியில் அக்கா வீட்டில் இறங்கி அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். அடுத்த தாள் கவிதை. அது இன்னும் சுத்தமாகப் பிடிபடவில்லை.