ஒரு விபத்துகூட இல்லை

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஆலங்காயத்திலிருந்து தங்கை மெர்சி கூப்பிட்டாள். அவள் கணவருக்கு ரெஸ்யூம் எழுத வேண்டுமாம். திங்கட்கிழமை இன்டர்வியூ.

மாப்பிள்ளை அருள்தாஸ், பதினேழு வருஷம் ராணுவத்தில் லாரி ஓட்டி, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். மலையடிவாரத்தில் ஒரு தனியார் பள்ளி. ஜவ்வாது மலைக் கிராமங்களுக்கு ஏறி இறங்கும் அதன் பஸ்களைக் கவனித்துக்கொள்ள ஓர் ஆள் தேவை. மாப்பிள்ளை ஊர் திரும்பிப் பல மாதங்கள் ஆகிவிட்டன. போட்ட விண்ணப்பம் எதற்கும் பதில் இல்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை என்றாள் மெர்சி.

போனேன். லேப்டாப்பைத் திறந்தேன். எழுதியே பிழைக்கிறவனுக்கு ஒரு ரெஸ்யூம் என்ன பெரிய விஷயம்?

பெரிய விஷயம்தான்! என்ன கேட்டாலும் 'டியூட்டி பார்த்தேன்' என்பதற்கு மேல் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பனிமலையில் கான்வாய் நடத்தியது? டியூட்டி. புது டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது? அதுவும் டியூட்டி. நான் அதையெல்லாம் 'லாஜிஸ்டிக்ஸ்', 'டீம் லீடர்' என்று மாற்றினேன். படித்துப் பார்த்தவர், "இது யாருங்க மச்சான்?" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்த உற்சாகத்தில் கடைசியாக ஒரு வரி சேர்த்தேன் — 'பதினேழு ஆண்டுகளில் ஒரு விபத்துகூட இல்லை.' பள்ளிக்கூடத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அவர் சிரிப்பு நின்றது.

"அத எடுத்துடுங்க."

ஏன் என்று கேட்டேன். டீ கொண்டுவந்த மெர்சிக்கும் புரியவில்லை. "இன்னாத்துக்கு எடுக்கணும்? நல்லாத்தான இருக்குது?"

அவர் அவளைப் பார்க்காமல், திரையைப் பார்த்தபடியே சொன்னார். வடக்கே ஒரு குளிர்காலக் காலை. ரோடெல்லாம் உறைபனி. இவர் ஓட்டிய லாரி வழுக்கிப் பள்ளத்தில் உருண்டது. இவர் வெளியே வந்து விழுந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிப்பாய்ப் பையன் வண்டியோடு போய்விட்டான். விசாரணை நடந்தது. ஓட்டியவர் மேல் தப்பில்லை என்று முடித்துவிட்டார்கள்.

மெர்சி டம்ளரைக் கீழே வைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இது அவளுக்குத் தெரியாது.

"ஒரு தடவ லீவுல வந்து, ராவெல்லாம் தூங்காம உக்காந்திருந்தீங்களே… அதுக்கா?"

தலையை மட்டும் ஆட்டினார்.

நான் வரியை அழித்தேன். அவர்களாகக் கேட்க மாட்டார்கள், நாமாகச் சொல்லவும் வேண்டாம் என்று சமாதானம் சொன்னேன். "கேட்டா சொல்லுவேன்" என்றார் அவர். அப்படியென்றால் இந்த வேலையும் வராது என்று சொல்லிவிட்டு மெர்சி உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். தாளாளர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்ச். கதவு பாதி திறந்திருந்தது. தாளாளர் ஒரு நடுத்தர வயது அம்மா. சம்பிரதாயக் கேள்விகள் முடிந்ததும் அது வந்தது. ஆக்சிடென்ட் ஏதாவது உண்டா?

ஒரே ஒரு 'இல்லைங்க' போதும்… அவர் அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வெளியே உட்கார்ந்து நான் வேண்டிக்கொண்டேன்.

அவர் நடந்ததைச் சொன்னார். முழுவதும்.

பிறகு அந்த அம்மாவின் குரல்.

"உங்க மேல தப்பில்லன்னு அவங்க சொல்லிட்டாங்க. நீங்க இன்னா சொல்றீங்க?"

"அன்னிக்கு வண்டிய எடுக்க முடியாதுன்னு சொல்லியிருக்கணுங்க. ரோடு சரியில்லன்னு எனக்குத் தெரியும். சொல்லல."

"இங்க சொல்வீங்களா?"

"சொல்வேங்க. நீங்களே எடுன்னாலும் எடுக்க மாட்டேன்."

சொல்லி அனுப்புகிறோம் என்றார் தாளாளர். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும்தானே? பைக்கில் வீடு திரும்பினோம். வாசலில் நின்ற மெர்சி எங்கள் முகத்தைப் பார்த்தாள். சோறு போட்டாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். வேலை கிடைத்துவிட்டது!

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். போன வாரம் மலையில் விடாத மழை. விடிந்ததும் பைக்கில் ஏறிப்போய் வளைவுகளைப் பார்த்துவிட்டு வந்த அருள்தாஸ், மலைக்குப் போகும் பஸ்களை நிறுத்திவிட்டார். பரீட்சை நாள். பெற்றோர்கள் ஃபோனில் பிடிபிடியென்று பிடித்தார்கள். தாளாளரே ஷெட்டுக்கு வந்து, கவர்மென்ட் பஸ் போகிறதே என்றாராம். மண் சரிந்து கிடக்கிறது, எடுக்க முடியாது என்றாராம் இவர். அந்த அம்மா பரீட்சையைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டுப் போனாராம்.

அன்றைக்குக் கவர்மென்ட் பஸ் பத்திரமாக ஏறி, பத்திரமாக இறங்கியது. அருள்தாஸுக்குத் திட்டு வாங்கியதுதான் மிச்சம். ஆனால் வேலை இருக்கிறது.

இப்போது அவருடைய ராணுவ நண்பர் ஒருவரும் ரெஸ்யூம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி என்னிடம் தயார் — எதை எழுதக் கூடாது?