ஓங்கல் துள்ளிய நேரம்

எங்கள் வீட்டில் யார் இறந்தாலும் சாம்பலைக் குற்றாலத்தில் கரைப்பதுதான் வழக்கம். தென்காசியிலிருந்து ஆட்டோவில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். தம்பி இறந்தபோது அம்மா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. நண்பர்களோடு குளிக்கப் போனவனைக் குற்றாலத்து மலையோடையில் திடீரென்று வந்த வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது.

"அந்தத் தண்ணி அவன ஒரு தடவ தூக்கிட்டுப் போனது போதும். மறுபடியும் அது கையில குடுக்க மாட்டேன். கடல்ல கரைப்போம்" என்றாள்.

குற்றாலத்திலிருந்து இறங்கும் சித்தாறும் கடைசியில் கடலுக்குத்தானே போகிறது என்று அப்பா ஆரம்பித்தார். நான் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

கடலில் கரைப்பதென்று முடிவாயிற்று. பொம்பளைகள் இதற்கெல்லாம் போவதில்லை என்று சொந்தக்காரர்கள் இழுத்தார்கள். அம்மா சாம்பல் கலயத்தை எடுத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள். நானும் ஏறினேன். திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில், மீனவர் ஒருவர் எங்கள் மூவரையும் தன் படகில் ஏற்றிக்கொண்டார். அருவியும் வயலும் பார்த்து வளர்ந்த நான் அலையைத் தாண்டும்வரை படகின் விளிம்பை விடவில்லை. அம்மா மடியில் கலயத்தோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

கரை தூரமானதும் படகுக்காரர் எஞ்சினை அணைத்தார். அப்பா கையை நீட்டினார்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் அம்மா.

பொறுத்தோம். மறுபடியும் அதையே சொன்னாள். கடைசியில் கலயத்தின் மேல் கட்டிய துணியை அவிழ்த்து, அம்மாவும் அப்பாவும் கலயத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

"அவன் போறத நான் பாக்கணும். நான் சொல்லுதேன், அப்ப விடுங்க."

அப்பா தலையாட்டினார். அவள் சொல்லவேயில்லை. படகு ஆடிக்கொண்டே இருந்தது.

"அன்னா பாருங்க, ஓங்கல்" என்றார் படகுக்காரர். டால்பினைத்தான் சொன்னார். எங்களுக்கு வெகு பக்கத்தில் பளபளவென்று ஒரு முதுகு எழும்பி, முழு உடம்பும் தண்ணீரைவிட்டு மேலே வந்து, விழுந்து மறைந்தது. அம்மா சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினாள்.

"ஏலே, அங்கன பாருலே."

மகளான என்னை அவள் ஏட்டி என்றுதான் கூப்பிடுவாள். லே போட்டுக் கூப்பிட வீட்டில் ஒருவன்தான் இருந்தான். அவள் முகத்தில் பழைய சிரிப்பு வந்திருந்தது. அந்த நேரத்தில் அவளுக்குத் தம்பி சாகவில்லை.

கலயத்திலிருந்து அவள் கை விலகியிருந்தது. அப்பா மட்டும் ஓங்கலைப் பார்க்கவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர் கலயத்தைச் சாய்த்துவிட்டார்.

சத்தம் கேட்டு அம்மா திரும்பப்போனாள்.

"திரும்பாத. கரைச்சாச்சு. திரும்பிப் பாக்கக் கூடாது" என்றார்.

கரைத்தபின் திரும்பிப் பார்த்தால் போன உயிர் போகாமல் நின்றுவிடும் என்பார்கள். அம்மா திரும்பவில்லை. ஓங்கல் மறைந்த வெறும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் ஓடத் தொடங்கியது. அப்பா இரக்கப்பட்டுத்தான் செய்தார், எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர்மேல் வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

சென்ற சாரல் காலத்தில் இலஞ்சியிலிருந்து உறவினர் ஒருவர் வந்திருந்தார். அப்பா அவரிடம், "பெரிய ஓங்கல். ஆள் உயரத்துக்குத் துள்ளிச்சி. அவன வழியனுப்ப வந்த மாதிரி இருந்துச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"நீங்க எங்க அதப் பாத்தீங்க?"